களமும் கிடங்கும்: ராபர்ட் நீலண்டின் வாழ்க்கையை வாசிக்கும் முறை

இந்த ஆண்டின் அறக்கட்டளைப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்டிருப்பது நம் ஊரில் அதிகம் பேர் அறியாத ஒரு மனிதரின் வாழ்க்கை. அவர் பெயர் ராபர்ட் நீலண்ட். 1892-இல் டெக்சாஸ் மாநிலத்தின் கிரீன்வில் ஊரில் பிறந்து 1962-இல் நியூ ஆர்லியன்ஸில் மறைந்தவர். டென்னசி பல்கலைக்கழகக் கால்பந்து அணிக்கு 21 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளராக இருந்தவர். இரண்டு உலகப் போர்களிலும் சீருடை அணிந்தவர்; இரண்டாம் போரின் பிற்பகுதியில் கல்கத்தாவில் பணியாற்றியவர். நான் இங்கே கால்பந்து என்று சொல்வது நாம் ஆடும் ஆட்டத்தை அன்று; முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்க ஆட்டத்தை. நீலண்டை டென்னசிக்காரர்கள் இன்றும் 'ஜெனரல்' என்றே குறிப்பிடுகிறார்கள். தளபதி ஒருவர் மைதானத்துக்கு வந்தார், படையொழுங்கைக் கொண்டுவந்தார், வென்றார் என்று கதை ஓடுகிறது. அந்தக் கதை அவரைச் சரியாகக் காட்டவில்லை என்பதுதான் என் வாதம். போர்வீரனின் ஆவேசத்தை அவர் மைதானத்துக்குக் கொண்டுவரவில்லை. சாலை போட்டு, பாலம் கட்டி, சரக்கை எண்ணி அனுப்பும் ராணுவப் பொறியாளரின் எச்சரிக்கையைக் கொண்டுவந்தார். இதை ஒப்புக்கொண்டால் அவருடைய ஆட்டம் புரியும், அவர் போரில் செய்த வேலை புரியும், அவருடைய பெரிய குறை எங்கே இருந்தது என்பதும் தெரியும்.

போருக்கும் இந்த ஆட்டத்துக்கும் முடிச்சு விழுந்தது நீலண்ட் பிறப்பதற்கு முன்பே. 1890 நவம்பர் 29 அன்று வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரியும் அன்னபோலிஸ் கடற்படைக் கல்லூரியும் முதல் முறையாக மோதின. ராணுவ அணியைத் திரட்டியவரும், பழக்கியவரும், தலைவராக நின்று ஆடியவரும் டென்னிஸ் மிக்கி என்ற ஒரே இளைஞர். ஆட்டம் 24–0 என்று கடற்படைக்குப் போயிற்று. எட்டாண்டுகளுக்குள், 1898 ஜூலை 1 அன்று, கியூபாவில் சான் ஹுவான் போரில் மிக்கி குண்டு பட்டு இறந்தார். வெஸ்ட் பாயிண்டின் விளையாட்டரங்கம் இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. களத்தில் ஆடியவனே களத்தில் வீழ்ந்தான் என்பதைவிட வலுவான படிமம் ஒரு நாட்டுக்கு வேண்டியதில்லை. 1905-இல் மைதானங்களிலேயே இளைஞர்கள் பலர் அடிபட்டு இறந்தபோது, குடியரசுத் தலைவர் தியோடர் ரூசவெல்ட் கல்லூரிப் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்தச் சொன்னார், நிறுத்தச் சொல்லவில்லை. ஆண்மையை வளர்க்கும் ஆட்டம் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அடுத்த ஆண்டு பந்தை முன்னோக்கி எறிய விதி இடம் தந்தது. மோதலின் நெருக்கம் சற்றுத் தளர்ந்தது. முதல் உலகப் போர் வந்ததும் பருவ முடிவில் ஆடப்படும் ரோஸ் கிண்ண ஆட்டங்களை 1918, 1919 ஆண்டுகளில் கல்லூரிகளுக்குப் பதிலாகப் படைப்பிரிவுகளின் அணிகளே ஆடின. வெஸ்ட் பாயிண்டின் பயிற்சியாளர் சார்லஸ் டேலி பீரங்கிப் படை அதிகாரி. போருக்குப் பின் அவர் எழுதிய நூலில் கால்பந்தையும் போரையும் ஒரே நெறியின் இரு வடிவங்களாக வைத்துப் பேசினார். அந்த டேலியிடம் பாடம் கற்றவர்தான் நீலண்ட். ஆகவே 'தளபதி' என்ற கதைக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. அந்த ஆதாரத்தை எப்படிப் படிப்பது என்பதில்தான் எனக்கும் அந்தக் கதைக்கும் வழக்கு.

நீலண்ட் வெஸ்ட் பாயிண்டில் பேர்போன விளையாட்டு வீரர். பேஸ்பாலில் பந்து வீசுவார், குத்துச்சண்டையில் வல்லவர், 1914-இல் ஓர் ஆட்டத்திலும் தோற்காத கால்பந்து அணியில் இருந்தார். பின்னாளில் நார்மண்டியில் அமெரிக்கப் படைகளை நடத்திய ஓமர் பிராட்லி அதே அணிக்காரர். 1916-இல் பட்டம் பெற்று வெளியே வந்த நீலண்டுக்குக் கிடைத்த இடம் பொறியாளர் படைப்பிரிவு. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். அமெரிக்க ராணுவத்தில் பொறியாளர் படை என்பது ஆற்றுக்கு அணை, துறைமுகத்துக்குத் தூர்வாரல், படைக்குப் பாலம், முகாமுக்குக் குடிநீர் என்று சமாதானக் காலத்திலும் வேலை ஓயாத பிரிவு. மெக்சிகோ எல்லையில் சிறிது காலம், பிறகு முதல் உலகப் போரில் பிரான்ஸ், அதன்பின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் மேற்படிப்பு. அடுத்து வெஸ்ட் பாயிண்ட் திரும்பி, அப்போது கல்லூரித் தலைவராக இருந்த டக்ளஸ் மக்கார்தருக்கு உதவி அதிகாரி. 1925-இல் நாக்ஸ்வில் நகரிலுள்ள டென்னசி பல்கலைக்கழகத்துக்கு அவர் வந்தது மாணவர்களுக்குப் படைப்பயிற்சி தரும் அதிகாரியாக. நம் தேசிய மாணவர் படைக்குக் கல்லூரிகளில் அதிகாரி இருப்பது போல என்று வைத்துக்கொள்ளலாம். கால்பந்து அதனோடு சேர்ந்த துணை வேலை. மறு ஆண்டே அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கியவர் நேதன் டவர்ட்டி. அவரும் பொறியியல் துறைப் பேராசிரியர் என்பது தற்செயலாக இருக்கலாம். என்றாலும் ஒரு பொறியாளர் இன்னொரு பொறியாளரிடம் என்ன பார்த்திருப்பார் என்று ஊகிப்பது கடினமில்லை. டவர்ட்டி கேட்டது ஒன்றே: அதே மாநிலத்து நாஷ்வில் நகரின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்திடம் காலங்காலமாகத் தோற்றுவரும் அவமானம் தீர வேண்டும். 1926-இல் வாண்டர்பில்ட் 20–3 என்று வென்றது. 1927-இல் 7–7. 1928-இல் டென்னசி 6–0. இந்த மூன்று எண்களின் வரிசையில் ஒரு மனத்தின் போக்குத் தெரிகிறது. எதிரி எடுத்த புள்ளி 20-இலிருந்து 7 ஆகி, பிறகு சுழியாயிற்று. தன் பக்கம் கூடியது மூன்றே புள்ளி.

இனி ஆட்டத்துக்கு வருவோம். மைதானம் 100 கெஜம் நீளம். பந்தை வைத்திருக்கும் அணிக்கு 4 முயற்சிகள். அதற்குள் 10 கெஜம் முன்னேறினால் மறுபடி 4 முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து நின்ற இடத்திலேயே எதிரிக்குப் போய்விடும். அதனால் பெரும்பாலான அணிகள் மூன்று முறை முயன்று பார்த்துவிட்டு நான்காவதில் பந்தைக் காலால் ஓங்கி உதைத்துத் தூரத்துக்கு அனுப்பிவிடும். தோல்வியை ஒத்துக்கொண்டு கைகழுவுவது போன்ற செயல் அது என்பது பார்வையாளர் கருத்து. நீலண்ட் அதைத் தன் முதல் ஆயுதமாக்கினார். தன் கோட்டுக்கு அருகில் பந்து இருக்கும்போது மூன்றாவது முயற்சியிலேயே உதைக்கச் சொல்வார். சில வேளை எதிரி எதிர்பாராத நேரத்தில் முதல் முயற்சியிலேயே. அவர் கணக்கு இப்படி. பந்து நம் கையில் இருப்பது செல்வம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். நம் வீட்டு வாசலில் பந்து நம் கையில் இருந்தால் அது செல்வம் அன்று, கடன். அங்கே கை தவறினால் எதிரி நேரே உள்ளே வருவான். அதே பந்தை 50 கெஜத்துக்கு அப்பால் எதிரியின் வாசலில் போட்டுவிட்டால் கை தவறும் அபாயம் அவனுடையது. அவன் பிழை செய்யும்வரை நாம் பிழை செய்யாமல் காத்திருந்தால் போதும். செய்த கணத்தில் பாய வேண்டும். இதற்காக உதைப்பவரைக் காப்பது, உதைத்த பந்தின் பின்னே ஓடிப் பிடிப்பவரை நின்ற இடத்திலேயே மடக்குவது, எதிரி உதைத்த பந்தைச் சிதறாமல் ஏந்துவது ஆகிய மூன்றையும் மற்ற அணிகள் பாய்ச்சலுக்குத் தரும் அளவு நேரம் தந்து திரும்பத் திரும்பப் பழக்கினார். வீரர்களின் காப்புறைகளின் எடையைக் குறைத்தார். ஆட்டத்தைப் படம்பிடித்துப் பிறகு போட்டுப் பார்த்துக் குறை தேடுவது, மேல்தளத்தில் ஒருவரை உட்காரவைத்துத் தொலைபேசியில் நிலவரம் கேட்பது ஆகியவற்றைத் தென்மாநிலங்களில் முதலில் கையாண்டவர்களில் அவர் ஒருவர். வெற்றிக்கு அவர் வகுத்த ஏழு விதிகளை அந்த அணியினர் இன்றும் ஆட்டத்துக்கு முன் ஒன்றாகச் சொல்கிறார்கள். அவற்றில் முதலாவது, குறைந்த பிழை செய்யும் அணியே வெல்லும் என்பது. வீரத்தைக் குறித்தோ வெறியைக் குறித்தோ அந்த முதல் விதியில் ஒரு சொல்லும் இல்லை.

நம் ஊர்த் திண்ணைகளில் கோடு கிழித்து ஆடும் ஆடுபுலி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். புலிக்காரருக்குப் பாய்ச்சல் உண்டு, வெட்டு உண்டு, பார்ப்பவர் ஆரவாரமும் உண்டு. ஆட்டுக்காரருக்கு அவை எதுவும் இல்லை. ஓர் ஆட்டையும் வீணாகக் கொடுக்காமல் கட்டம் கட்டமாக இடத்தை அடைப்பதே அவர் வழி. முடிவில் புலி நகர இடமின்றி நிற்கும். நீலண்ட் ஆட்டுக்காரர் பக்கம் உட்கார்ந்தவர். நம் புறப்பொருள் மரபு இதற்கு ஒரு பூவே வைத்திருக்கிறது. கோட்டையை வளைப்பவன் சூடுவது உழிஞை. உள்ளிருந்து காப்பவன் சூடுவது நொச்சி. புறப்பொருள் வெண்பாமாலை காப்பதையும் தனித் திணையாக எண்ணிப் பெயரிட்டது. காத்து நிற்பது கோழைத்தனம் என்ற எண்ணம் அந்த மரபுக்கு இல்லை. அமெரிக்க விளையாட்டுப் பேச்சில் அந்த நொச்சிக்கு ஈடான சொல் கிடைக்காததால்தான் நீலண்டை 'எச்சரிக்கைக்காரர்' என்று ஒரு மாற்றுக் குறைவாகச் சொல்லிவந்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

சான்றைப் பார்ப்போம். 21 பருவங்களில் 216 ஆட்டங்கள்: 173 வெற்றி, 31 தோல்வி, 12 சமம். வென்றவர்கள் பலர் உண்டு. இந்த எண்களை மட்டும் வைத்து என் வாதத்தை நிறுவ முடியாது. வேறோர் எண்ணைக் கவனியுங்கள். அந்த 216-இல் 112 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு புள்ளியும் கிடைக்கவில்லை. பாதிக்கு மேல். 1939-இல் வழக்கமான பருவத்தின் 10 ஆட்டங்களில் டென்னசி எடுத்தது 212, கொடுத்தது சுழி. அதன்பின் எந்தப் பெரிய கல்லூரி அணியும் ஒரு பருவம் முழுவதையும் அப்படி முடித்ததில்லை. 1938-இல் தொடங்கி 1940 வரை பருவ ஆட்டங்களில் தொடர்ச்சியாக 71 கால்பகுதிகள் எதிரணி வெறுங்கையோடு திரும்பியது. பாய்ந்து வெல்லும் அணி ஒரு நாள் 40 புள்ளி எடுக்கும், மறுநாள் சறுக்கும். இப்படி மாதக்கணக்கில் சுழியைக் காப்பது ஒரு நாள் ஆவேசத்தால் நடக்கிற காரியம் அன்று. கசிவு எங்கே வரும் என்று முன்கூட்டியே தேடி அடைக்கும் பழக்கம் வேண்டும். ஏரிக்கரையைக் காப்பவர்களுக்குத் தெரியும், கரை உடைவது பெருவெள்ளத்தால் மட்டுமன்று, கவனிக்காத நண்டு வளையாலும்தான் என்று.

இங்கே ஒரு மறுப்பு எழும். பிழை குறைக்கச் சொன்ன அதே ஏழு விதிகளில், போரை எதிரியின் பக்கம் கொண்டுபோய் அங்கேயே 60 நிமிடமும் வைத்திருக்கச் சொல்லும் விதியும் உண்டு. ஆட்டம் நமக்கு எதிராகத் திரும்பினால் தளராமல் வேகத்தைக் கூட்டச் சொல்லும் விதியும் உண்டு. அவை டேலி வழியாக வந்த படைமொழிதானே, தளபதிக் கதைக்கு அவையே சாட்சியாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான் இரண்டு பதில் சொல்வேன். முதலாவது, ஒருவர் என்ன சொன்னார் என்பதோடு, நேரத்தை எதில் செலவிட்டார் என்பதையும் எடைபோட வேண்டும். எதிரியின் பக்கம் போரைக் கொண்டுபோக நீலண்டின் அணி கையாண்ட வாகனம் உதைக்கப்பட்ட பந்து. முரட்டு மோதல் அதற்கு அடுத்த இடத்தில்தான். இரண்டாவது, அவரிடம் ஆடியவர்கள் என்ன கற்றுக்கொண்டு போனார்கள் என்று பார்க்க வேண்டும். 1928 முதல் 1930 வரை அவருக்கு ஆடிய பாபி டாட், பின்னர் ஜார்ஜியா டெக் கல்லூரியில் 1945 முதல் 1966 வரை பயிற்சியாளராக இருந்தார். வீரர்களை வாட்டாமல், பயிற்சியை நீட்டாமல், உடலைத் தேய்க்காமல் நடத்தியதற்குப் பெயர்போனவர் டாட். அதிகாரக் குரலும் கடுந்தண்டனையும் நீலண்டின் சாரமாக இருந்திருந்தால் அவருடைய மிகச் சிறந்த மாணவர் அவற்றை உதறிவிட்டு வென்றிருக்க முடியாது. டாட் வைத்துக்கொண்டது உதைபந்தும், களத்தின் இடக் கணக்கும், வாய்ப்புக்குக் காத்திருக்கும் பொறுமையும். ஆசானிடமிருந்து மாணவர் எடுத்துச் சென்றது எதுவோ அதுவே ஆசானின் சாரம் என்று கொள்வதில் தவறில்லை.

இனி நமக்கு நெருக்கமான பகுதி. ராணுவம் நீலண்டை மைதானத்திலிருந்து இரண்டு முறை பிரித்தது. 1935-இல் பனாமா கால்வாய்ப் பகுதிக்கு அனுப்பியது. ஓராண்டில் படையிலிருந்து ஓய்வு பெற்றுத் திரும்பிவிட்டார். 1941-இல் மறுபடி அழைத்தது. முதலில் உள்நாட்டில் பொறியியல் பணி. பின்னர் சீனா, பர்மா, இந்தியா சேர்ந்த போர்முனையில் கல்கத்தா தளத்தின் பொறுப்பு. பிரிகேடியர் ஜெனரலாக அவர் கையில் இருந்தது ஒரு துறைமுகமும் அதன் கிடங்குகளும் அங்கிருந்து புறப்படும் பாதையும். அந்தப் பாதையைச் சற்று விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் அவருடைய போரின் உண்மை முகம் அதுதான். கடலிலிருந்து கல்கத்தாவுக்குக் கப்பல் வர ஹூக்ளி ஆற்றின் மணல்திட்டுகளுக்கிடையே வழிகாட்டி மாலுமிகளின் துணையோடு 200 கிலோமீட்டர் அளவு ஏறி வர வேண்டும். வந்த சரக்கு கிடர்பூர்த் துறையிலும் கிங் ஜார்ஜ் துறையிலும் இறங்க வேண்டும். 1943 டிசம்பரில் ஜப்பானிய விமானங்கள் அந்தத் துறைகளின் மேல் குண்டு போட்டிருந்தன. இறங்கிய சரக்கு அகல ரயில்பாதையில் வடக்கே பார்வதிபூர் வரை போகும். அங்கே பாதை குறுகும். ஒவ்வொரு பெட்டியையும் மீட்டர் பாதை வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டும். பிறகு பிரம்மபுத்திரா குறுக்கிடும், பாலம் கிடையாது. வண்டிகளைப் படகில் ஏற்றிப் பாண்டு கரைக்குக் கடத்த வேண்டும். அதன்பின் அசாமின் கோடியில் லீடோ. அந்த ரயில்பாதையில் சுமார் 800 மைலை 1944 மார்ச் 1 அன்று அமெரிக்க ராணுவ ரயில் பிரிவுகளே ஏற்று நடத்தத் தொடங்கின. லீடோவிலிருந்து பர்மா மலைகளைக் குடைந்து சீனாவுக்குப் போகும் சாலையும், இமயத்தின் கிழக்கு முகடுகளைத் தாண்டிப் பறந்த சரக்கு விமானங்களும் இந்த ஒற்றைக் குழாயை நம்பியே இருந்தன. சாலை வழியாக முதல் வாகன வரிசை குன்மிங் நகரை அடைந்தது 1945 பிப்ரவரி 4 அன்று.

இது போரா என்று கேட்பவர் உண்டு. துப்பாக்கி ஏந்தாமல், கிடங்கில் கணக்குப் பார்த்தவரைப் போர்வீரர் என்று சொல்லலாமா என்பது அவர்கள் கேள்வி. மேலே சொன்ன பாதையை மறுபடி எண்ணிப் பாருங்கள்: ஆறு, துறை, அகலப் பாதை, குறுகிய பாதை, படகு, மீண்டும் ரயில், பிறகு சாலையோ விமானமோ. ஆறேழு கைமாற்றங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் உடைவு, திருட்டு, தேக்கம், தவறான சீட்டு. எந்த இடத்தில் பிழை நேர்ந்தாலும் ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒரு படை எண்ணெயில்லாமல் நிற்கும். இங்கே வெற்றி என்பது கைமாற்றத்தில் பந்து நழுவாமல் இருப்பதுதான். டென்னசியில் 15 ஆண்டுகள் மாலைதோறும் எதைப் பழக்கினாரோ அதையே ஹூக்ளிக் கரையில் அவரிடம் கேட்டார்கள். அமெரிக்க ராணுவம் அவருக்குச் சிறப்புப் பணிப் பதக்கமும் லீஜன் ஆஃப் மெரிட் விருதும் தந்தது. படைத்தலைவர் என்ற பட்டத்தால் அவருடைய ஆட்டத்தை விளக்குவதைவிட, அவருடைய ஆட்டத்தால் அவருடைய படைப்பணியை விளக்குவது எளிது என்று நான் சொல்வது இதனால்தான். ஆனாலும் கல்கத்தாவின் பெயரைச் சொல்லிவிட்டு ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. அவர் பொறுப்பேற்றபோது வங்கம் 1943 பஞ்சத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. இருபது லட்சத்திலிருந்து முப்பது லட்சம் பேர்வரை மாண்ட பஞ்சம் அது. அதற்கு நீலண்ட் காரணமல்லர். இருந்தாலும், போருக்கான சரக்கு கணக்குப் பிசகாமல் நகர்ந்த மண்ணில்தான் சோற்றுக்கான அரிசி நகராமல் நின்றது. போர்க்கால வழங்கலின் திறமையைப் புகழும் எவரும் இந்த இரண்டையும் சேர்த்தே நினைக்கக் கடமைப்பட்டவர்கள்.

அவருடைய முறைமேல் விளையாட்டு வல்லுநர்கள் வைத்த குற்றச்சாட்டு வலுவானது. அதற்கு முழுப் பதில் என்னிடம் இல்லை. பிழைக்குக் காத்திருக்கும் முறை, பிழையே செய்யாத எதிரியின் முன் கையற்று நிற்கும் என்பது அது. ஒரு பருவம் முழுதும் ஒரு புள்ளியும் கொடுக்காத அந்த அணி 1940 புத்தாண்டு நாளில் ரோஸ் கிண்ண ஆட்டத்தில் தென் கலிபோர்னியாவிடம் 14–0 என்று தோற்றது. அடுத்த புத்தாண்டில் சுகர் கிண்ணத்தில் பாஸ்டன் கல்லூரியிடம் 19–13. போர் முடிந்து 1946-இல் திரும்பிய பின் ஆரஞ்சு கிண்ணத்தில் ரைஸ் பல்கலைக்கழகத்திடம் 8–0. 1947-இல் வெற்றியும் தோல்வியும் ஐந்துக்கு ஐந்து. 1948-இல் நான்குக்கு நான்கு, இரண்டு சமம். நாடெங்கும் அணிகள் 'டி' எனப்படும் வேறோர் ஆட்ட அணிவகுப்புக்கு மாறிவிட்டிருந்தன. நீலண்ட் தன் பழைய 'சிங்கிள் விங்' அமைப்பைக் கைவிடவில்லை. காலம் அவரைத் தாண்டிப் போய்விட்டது என்று ஊரே பேசியது. பிறகு 1950-இல் 11 வெற்றி, ஒரு தோல்வி. காட்டன் கிண்ணத்தில் டெக்சாஸை 20–14 என்று வென்றார்கள். 1951 பருவத்தில் 10 ஆட்டமும் வென்று தேசிய முதலிடம் பெற்றார்கள். அதையும் அப்படியே கொண்டாடிவிட முடியாது. அந்நாளில் முதலிடத்துக்கான வாக்கெடுப்பு கிண்ண ஆட்டங்களுக்கு முன்பே முடிந்துவிடும். முடிசூடிய பின் மேரிலாண்டிடம் 28–13 என்று தோற்றார்கள். ஆக, தனக்குச் சமமான, ஒரு மாதம் ஓய்வெடுத்துத் தயாராகி வந்த எதிரியிடம் இந்த முறை பலமுறை தோற்றது என்பது பதிவில் உள்ள உண்மை. நான் சொல்லக்கூடியது இவ்வளவே: பொறியாளர் கட்டும் பாலம் தினமும் வரும் சுமைக்குக் கட்டப்படுகிறது. வாராவாரம் வரும் சுமையை 21 பருவங்கள் தாங்கிய பாலம் நான்கைந்து பெருவெள்ளத்தில் ஆட்டங்கண்டது. அதைக் குறை என்று ஒப்புக்கொள்கிறேன். பொய்த்துப்போன முறை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இதைவிடப் பெரிய மறுப்பு மைதானத்துக்கு வெளியே இருக்கிறது. நீலண்டின் அணியில் 21 பருவங்களிலும் ஒரு கறுப்பின வீரர் இல்லை. தென்மாநிலங்களின் இனப்பிரிவினைச் சட்டங்கள் அவர்களைப் பல்கலைக்கழகத்துக்குள்ளேயே விடவில்லை. டென்னசியில் இளநிலை வகுப்புகளில் கறுப்பின மாணவர்கள் சேர முடிந்தது 1961-இல்தான். சட்டம் அவர் இயற்றியதன்று என்பது சரி. என்றாலும் பிழையைத் தேடித் தேடி அடைத்த ஒருவரை அளக்கும்போது, அவர் கண்ணெதிரே இருந்த இந்தப் பெரும் பிழையை அளவுகோலிலிருந்து விலக்கிவைக்க எனக்கு உரிமை இல்லை. 1939 டிசம்பர் 9 அன்று லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அணியும் தென் கலிபோர்னிய அணியும் 0–0 என்று சமமாக முடித்தன. முன்னதில் கென்னி வாஷிங்டன், உட்டி ஸ்ட்ரோடு, ஜாக்கி ராபின்சன் உள்ளிட்ட கறுப்பின வீரர்கள் இருந்தனர். ஒரே ஒரு முறை அவர்கள் கோட்டைக் கடந்திருந்தால் ரோஸ் கிண்ணத்தில் டென்னசியை எதிர்கொள்ளும் வாய்ப்பு அவர்களுக்கு வந்திருக்கும். ஒரு புள்ளியும் கொடுக்காத அணி என்ற பெருமை யாருக்கெதிராகச் சோதிக்கப்படவில்லை என்பதையும் அந்தச் சமநிலை காட்டுகிறது.

போர் இந்தக் கேள்வியைக் கூர்மையாக்கியது. லீடோ சாலையில் உழைத்த அமெரிக்கப் படையினர் சுமார் 15,000 பேர். அவர்களில் ஏறக்குறைய 60 விழுக்காட்டினர் கறுப்பின வீரர்கள், தனிப் பிரிவுகளாக ஒதுக்கப்பட்டவர்கள். கல்கத்தாவிலிருந்து போன சரக்கு அவர்கள் கைக்குத்தான் போய்ச் சேர்ந்தது. மழையிலும் மலேரியாவிலும் மலையை வெட்டியவர்கள் அவர்கள். 1948-இல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் 9981-ஆம் ஆணையால் படைகளில் இனப்பிரிவினையை முடிவுக்குக் கொண்டுவர உத்தரவிட்டார். ராணுவத்தின் ஒழுங்கைக் கல்லூரிக்குக் கொண்டுவந்தவர் நீலண்ட் என்பவர்கள் இங்கே நின்று பதில் சொல்ல வேண்டும். ராணுவம் மாறத் தொடங்கியபோது அந்த மாற்றம் நாக்ஸ்வில் மைதானத்துக்கு வரவில்லை. அவர் 1952 பருவத்தோடு பயிற்சியாளர் பதவியை விட்டாலும், இறக்கும்வரை விளையாட்டுத் துறை இயக்குநராக இருந்தார். அந்தப் பத்தாண்டிலும் சுவர் அப்படியே நின்றது. என் விளக்கத்துக்கு இது உடன்பாடான சான்று என்பது எனக்கு மகிழ்ச்சி தரவில்லை. ஆனாலும் சொல்லியாக வேண்டும். பொறியாளரின் எச்சரிக்கை, தரப்பட்ட நிலத்தில் கசிவில்லாமல் கட்டும். நிலமே யாருடையது, வேலி ஏன் இங்கே போட்டிருக்கிறது என்று அது கேட்காது. பிழையைக் குறைப்பதில் தேர்ந்த மனம், விதியே பிழையாக இருக்கும்போது அதைப் பிழை என்று எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை. நீலண்டின் பலமும் குறையும் ஒரே வேரிலிருந்து வந்தவை.

அவர் வந்தபோது டென்னசி அணியின் ஷீல்ட்ஸ்-வாட்கின்ஸ் மைதானம் சின்னஞ்சிறியது. 1921-இல் திறந்தபோது 3,200 பேர் உட்கார இடமிருந்தது. அதை விரிவாக்கும் திட்டங்களில் அவர் கையிருந்தது. 1948-இல் 46,000 பேருக்கு மேல் உட்காரலாம் என்றாயிற்று. பின்னாளில் அவர் வகுத்த வழியிலேயே வளர்ந்து 1 லட்சத்தையும் தாண்டியது. கட்டடத்தை நிறுத்தி நிதானமாக, அடுக்கின்மேல் அடுக்காக ஏற்றியது அந்தப் பொறியாளரின் கைவேலை. 1962 மார்ச் 28 அன்று அவர் மறைந்தார். நாக்ஸ்வில்லின் தேசியக் கல்லறையில் போர்வீரர்களுக்கிடையே அடக்கம் செய்தார்கள். அதே ஆண்டு அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். ஆறு ஆண்டுகள் கழித்து, 1968-இல், டென்னசியின் ஆரஞ்சு உடையணிந்து அந்த அரங்கில் ஆட வந்தார் லெஸ்டர் மெக்ளெய்ன், அப்பல்கலைக்கழகத்தின் கால்பந்து அணியில் ஆடிய முதல் கறுப்பின வீரர்.